கிளைக்கால்: ஒரு பதிலாளின் வரலாறு

காரின் பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் ஓரத்தில் ஒரு வெளிர் பிளாஸ்டிக் டப்பா தெரியும். உள்ளே பச்சையாகவோ சிவப்பாகவோ கொஞ்சம் திரவம். மெக்கானிக் அதைக் கூலன்ட் என்பார், சர்வீஸ் பில்லில் அதற்கு ஒரு வரி இருக்கும், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். நிறம் வெறும் சாயம்தான்; உள்ளே இருக்கும் சரக்கு தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும். குளிர்நாடுகளில் இதை உறைதடுப்பி என்பார்கள். நம் சமவெளியில் ரேடியேட்டர் உறைந்த கதை கிடையாது. இங்கே அதை ஊற்றுவது தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமல் இருக்கவும், போர் தண்ணீரால் உள்ளே உப்புப் படிந்து துருப்பிடிக்காமல் இருக்கவும். ஒரு வேலைக்கென்று பெயர் வைத்த பொருள் வேறு வேலைக்கு நிற்கிறது. கிளைக்காலின் வரலாறு முழுவதுமே இப்படித்தான். கண்டுபிடித்து 170 ஆண்டுகள் ஆகியும், அது எப்போதும் வேறொன்றின் இடத்தில் நின்றே பிழைத்திருக்கிறது: கிளிசரினுக்கு, சாராயத்துக்கு, சர்க்கரைக்கு, கடைசியில் பருத்திக்கும் பட்டுக்கும். ஒவ்வொரு முறையும் அதன் ஒரு குணத்தை மட்டும் பார்த்து வேலைக்கு வைத்தார்கள். யாரும் கேட்காத இன்னொரு குணமும் கூடவே வேலைக்கு வந்துவிட்டது. அது செய்த கேடுகளைத் தனித்தனி விபத்துகளாகப் பார்த்துப் பழகிவிட்டோம். அவை எல்லாம் ஒரே பழக்கத்தின் விளைவு என்பதே என் வாதம்.

பிறப்பிலேயே அது ஓர் இடைவெளியை நிரப்ப வந்த ஆள். 1850களில் வேதியியலாளர்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்திருந்தது. சாராயத்தின் மூலக்கூறில் ஹைட்ராக்சில் என்ற கை ஒன்று. கிளிசரினில் அதே கை மூன்று. பாரிஸில் வேலை பார்த்த ஷார்ல் அடோல்ஃப் வூர்ட்ஸ் போட்டது எளிய கணக்கு: ஒன்றும் உண்டு, மூன்றும் உண்டு என்றால் நடுவில் இரண்டு கை உள்ள ஒன்று இருந்தாக வேண்டும். 1856இல் எத்திலீன் அயோடைடையும் வெள்ளி அசிட்டேட்டையும் சேர்த்து, வந்ததைக் காஸ்டிக் பொட்டாஷால் பிரித்து அதைச் செய்தே காட்டினார். நிறமில்லை, மணமில்லை, சற்றுக் கொழகொழப்பு, நாவில் இனிப்பு. பெயரும் பாதிப் பாதி: முன்பாதி கிளிசரினிலிருந்து, பின்பாதி ஆல்கஹாலிலிருந்து. மூன்று ஆண்டு கழித்து, 1859இல், எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவையும் அவரே கண்டுபிடித்தார். இன்றைய கிளைக்கால் ஆலைகளில் பெரும்பாலானவை அதன் வழியாகவே ஓடுகின்றன. ஆனால் அன்று இரண்டுக்கும் ஒரு பயனும் இல்லை. அரை நூற்றாண்டுக்கும் மேல் கிளைக்கால் ஆய்வகக் குப்பியிலேயே கிடந்தது.

அதை வெளியே கொண்டுவந்தது வெடிமருந்து. நைட்ரோகிளிசரினுக்குக் கிளிசரின் வேண்டும், கிளிசரினுக்குக் கொழுப்பு வேண்டும். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குக் கொழுப்பு கிடைக்கவில்லை. கிளிசரினுக்குப் பதிலாகக் கிளைக்காலை நைட்ரிக் அமிலத்தில் ஏற்றிப் பார்த்தார்கள், வெடித்தது. போருக்குப் பிறகு அமெரிக்காவில் இதற்கு இன்னொரு பயன் தெரிந்தது. நைட்ரோகிளிசரின் ஏறத்தாழ 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். குளிர்காலத்தில் சுரங்கத்துக்கு வரும் டைனமைட் கட்டைபோல விறைத்திருக்கும். அதைச் சூடு காட்டி இளக்கப் போய் உயிரை விட்ட தொழிலாளர்கள் பலர். கிளைக்கால் டைநைட்ரேட்டைக் கலந்தால் டைனமைட் உறையாது. ஆக, உறைதடுப்பி முதலில் உறையாமல் காத்தது ரேடியேட்டரை அல்ல, டைனமைட்டை. கேட்டது உறையாமை, கிடைத்தது. கேட்காமல் வந்தது ஆவியாகும் குணம்: புதிய நைட்ரேட், பழையதைவிட எளிதில் காற்றில் ஏறும், தோல் வழியாகவும் உடம்புக்குள் புகும். வெடிமருந்து ஆலைத் தொழிலாளிகளின் ரத்தக் குழாய்கள் வார நாட்களில் அந்த ஆவிக்குப் பழகி விரிந்திருக்கும். விடுமுறையில் ஆவி விலகியதும் அவை சுருங்கும். இதயக் கோளாறு எதுவும் இல்லாத இளவயதுக்காரர்களும் திங்கட்கிழமை காலைகளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தார்கள். இது ஏன் திங்கட்கிழமை நோயாக இருக்கிறது என்று மருத்துவ உலகம் சேர்த்துப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின.

கார் கதை இதற்கு அடுத்தது. தண்ணீர் உறையும்போது கனஅளவில் சுமார் 9 விழுக்காடு பெருகும். அந்தப் பெருக்கம் வார்ப்பிரும்பு எஞ்சினையே பிளந்துவிடும். 1920களின் வட அமெரிக்கக் குளிர்காலத்தில் கார்காரர்கள் ராத்திரி ரேடியேட்டரைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுப் படுப்பார்கள், காலையில் மறுபடி நிரப்புவார்கள். வடிக்கச் சோம்பியவர்கள் கால்சியம் குளோரைடு கரைத்து ஊற்றினார்கள்; அது உலோகத்தைத் தின்றது. தேனும் சர்க்கரைப் பாகும் ஊற்றிப் பார்த்தவர்கள்கூட உண்டு. மெத்தனாலும் எரிசாராயமும் நன்றாகவே வேலை செய்தன, ஆனால் 65 டிகிரியில் ஒன்றும் 78 டிகிரியில் மற்றதும் கொதித்துப் பறந்துவிடும். எஞ்சின் சூடேறினாலே உறைதடுப்பி காலி. கிளைக்கால் கொதிப்பது 197 டிகிரியில். யூனியன் கார்பைடின் துணை நிறுவனம் மேற்கு வர்ஜீனியாவில், முதலில் கிளெண்டெனினிலும் பிறகு 1925 முதல் சவுத் சார்ல்ஸ்டனிலும், அதைப் பெரிய அளவில் காய்ச்சத் தொடங்கி, 1927இல் பிரஸ்டோன் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தத் திரவத்தின் ஒரு வினோதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தூய தண்ணீர் 0 டிகிரியில் உறையும். தூய கிளைக்காலும் மைனஸ் 13இலேயே உறைந்துவிடும். இரண்டையும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். தண்ணீர் மூலக்கூறுகள் வரிசையாக நின்று பனிக்கட்டியாகப் பார்க்கும்போது கிளைக்காலின் இரண்டு கைகளும் நடுவே புகுந்து அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன, வரிசை அமைவதில்லை. மலிவாகக் கிடைத்தது என்று கலக்காமல் அப்படியே ஊற்றியவனுக்குப் பாதுகாப்பு கூடவில்லை, குறைந்தது.

இந்த மாற்றம் நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான், மறுக்கவில்லை. மெத்தனால் கண்ணைக் குருடாக்கும், ஆவியாகி மூச்சில் ஏறும், தீப்பிடிக்கும்; அதோடு ஒப்பிட்டால் கிளைக்கால் சாது. ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் மெர்லின் எஞ்சின் முதலில் தூய கிளைக்காலிலும் பிறகு தண்ணீர்க் கலவையிலும் ஓடியது. ரேடியேட்டரைச் சிறிதாக்க முடிந்ததால் காற்றின் எதிர்ப்பு குறைந்தது. வேலைக்கு வைத்தது தப்பில்லை. கொதிநிலையையும் உறைநிலையையும் விலையையும் விசாரித்தவர்கள் சுவையை விசாரிக்கவில்லை, அதுதான் குறை. ரேடியேட்டர் திரவத்தின் சுவையை யார் விசாரிப்பார்கள்? குழந்தைகளும் நாய்களும் பூனைகளும் விசாரித்தன. கராஜ் தரையில் ஒழுகிய இனிப்பை நக்கின. கிளைக்கால் நேரடியாகக் கொல்வதில்லை. சாராயத்தைச் செரிக்கிற அதே ஈரல் நொதி இதையும் சாராயம் என்று நினைத்து உடைக்கிறது. படிப்படியாக உடைந்து கடைசியில் ஆக்ஸாலிக் அமிலமாகிறது. அது ரத்தத்தின் கால்சியத்தோடு சேர்ந்து ஊசி ஊசியான படிகங்களாகச் சிறுநீரகத்தில் படிகிறது. வளர்ந்தவர் ஒருவருக்குச் சுமார் 100 மி.லி. போதும். இதற்கு மருத்துவர்கள் நெடுங்காலம் கொடுத்த முறிவு சாராயமேதான்: நொதியைச் சாராயத்திலேயே மூழ்க வைத்தால் கிளைக்கால் உடைபடாமல் சிறுநீரில் போய்விடும். பதிலாளை ஏமாற்ற அசல் ஆளையே அனுப்புகிற வைத்தியம். சாராயத்துக்குப் பதிலாகக் கொடுக்கிற ஃபோமெபிசோல் என்ற மருந்துக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது 1997இல்தான். கூலன்டில் கசப்பு சேர்க்க அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 1990களில் சட்டம் போட்டது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் நாடு முழுக்கச் சேர்க்க ஒப்புக்கொண்டது 2012இல்.

கிளைக்காலுக்கு ஒரு தம்பி உண்டு. ஊரார் இருவரையும் குழப்பிக்கொள்வதால் இதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். எத்திலீன் ஆக்சைடைத் தண்ணீரோடு சேர்த்தால் கிளைக்கால் கிடைக்கும். ஆனால் பிறந்த கிளைக்கால் மூலக்கூறு சும்மா இருக்காமல் இன்னொரு ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு டைஎத்திலீன் கிளைக்கால் ஆகிவிடும். வழக்கமான ஆலையில் தண்ணீரை மிகுதியாக ஊற்றினாலும் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தம்பி வந்துவிடும். வேண்டுமென்று செய்யாத சரக்கு, விற்றுத்தான் ஆக வேண்டும், ஆகவே மலிவு. 1937இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மாசெங்கில் என்ற மருந்து நிறுவனம் சல்ஃபனிலமைடைக் குழந்தைகளும் குடிக்கும்படி திரவமாக்க விரும்பியது. அந்த மருந்து தண்ணீரில் கரைய மறுத்தது, சாராயத்திலும் சரியாகக் கரையவில்லை, தம்பியில் கரைந்தது. நிறம், மணம், சுவை மூன்றையும் சோதித்தார்கள். ராஸ்பெரி வாசனை ஏற்றினார்கள். 72 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்காலாக இருந்த அந்தத் திரவத்தை எலிக்சிர் என்ற பெயரில் மொத்தம் 240 கேலன் அனுப்பினார்கள். குடித்தால் என்ன ஆகும் என்று ஓர் எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை, சட்டமும் கேட்கவில்லை. 105 பேர் இறந்தார்கள், அவர்களில் 34 பேர் குழந்தைகள். சந்தையில் இருந்த புட்டிகளை அரசு பறிமுதல் செய்யக் கிடைத்த ஒரே சட்டக் காரணம், எலிக்சிர் என்றால் அதில் சாராயம் இருக்க வேண்டும், இதில் இல்லை என்பது. 105 சாவுக்கும் பதில் சொன்ன குற்றம் பெயர் மாறாட்டம்! மறு ஆண்டே, 1938இல், விற்பதற்கு முன் மருந்து பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் வந்தது.

சட்டம் வந்த பிறகும் தம்பி ஓயவில்லை. 1985இல் ஆஸ்திரியாவில் சாதா ஒயினை, தாமதமாகப் பறித்த பழத்தின் விலையுயர்ந்த ஒயின்போல இனிக்க வைக்க அதைக் கலந்தார்கள். பத்திரிகைகள் உறைதடுப்பி ஒயின் என்று எழுதின. பழி அண்ணனுக்குப் போயிற்று. நம் பக்கம் வந்தால் பட்டியல் கனக்கிறது. 1970களின் தொடக்கத்தில் சென்னையில் குழந்தைகள் இறந்தார்கள். 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரின் என்று கொடுத்தது கிளிசரினாக இல்லாததால் 14 பேர் இறக்க, நீதிபதி லென்டின் தலைமையில் விசாரணை நடந்தது. 1998இல் குர்கான், 2022இல் இந்தியாவில் செய்த சிரப்பைக் குடித்த காம்பியாக் குழந்தைகள். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவோடு தொடர்புபட்ட இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு அரசின் ஆய்வகத்தில் சோதித்தபோது டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு. ஏறக்குறைய பாதிப் புட்டி.

இதெல்லாம் மோசடி, இதில் வேதிப்பொருளை ஏன் இழுக்கிறீர்கள் என்பது நியாயமான எதிர்வாதம். குற்றம் மனிதருடையது, சந்தேகமில்லை. ஆனால் மோசடிக்காரன் கைக்கு வந்ததையெல்லாம் கலந்துவிட முடியாது. பாலில் தண்ணீர் கலக்கலாம், எண்ணெயை அப்படியே ஊற்றிக் கலக்க முடியாது. கிளிசரின் இடத்தில் நிற்கப் போகிற ஆள் நிறமில்லாமல், கொழகொழப்பாக, இனிப்பாக, தண்ணீரில் கரைவதாக, அதைவிட மலிவாக இருக்க வேண்டும். இந்த ஐந்தும் தம்பியிடம் இருக்கின்றன. வாங்குகிறவர்கள் இதே குணங்களைப் பார்த்துத்தான் கிளிசரின் என்று ஒப்புக்கொண்டார்கள். பீப்பாய் ஆலையிலிருந்து நேராக மருந்துக் கம்பெனிக்கு வருவதில்லை. 1990களின் நடுவில் ஹெய்ட்டியில் 80க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்ற ‘கிளிசரின்’, சீனாவிலிருந்து ஐரோப்பிய வணிகர்கள் கைமாறி, ஒவ்வொரு கையிலும் சான்றிதழோடு போய்ச் சேர்ந்தது. சான்றிதழ் பீப்பாயைப் பற்றிப் பேசியது. பீப்பாய்க்குள் இருந்ததை யாரும் கேட்கவில்லை. வாயு நிறப்பகுப்பு செய்தால் அண்ணனும் தம்பியும் கிளிசரினும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பார்கள், மணிக்கணக்கில்கூட ஆகாது. ஆனால் கிளிசரினை அடையாளம் காணும் சோதனைக்குள்ளேயே இந்த இருவரையும் தேடிப் பார்க்க வேண்டும், 0.10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்து நூல் சேர்த்தது 2009இல். எலிக்சிர் சாவுகளுக்கு 72 ஆண்டு கழித்து. ஆள்மாறாட்டம் எளிதாக நடக்கிற இடத்தில் ஆளை அடையாளம் பார்க்காததும் மோசடியில் ஒரு பங்குதான்.

மருந்திலாவது கெட்ட எண்ணம் உண்டு. விமான நிலையங்களின் கதையில் எல்லோரும் நல்லவர்கள். இறக்கையில் உப்புத்தாள்போல மெல்லிய பனி ஒட்டியிருந்தாலும் விமானம் எழும்பும் வலு குறையும். ஆகவே குளிர்நாடுகளில் புறப்படும் முன் ஆரஞ்சு நிறச் சூடான கிளைக்கால் கரைசலைப் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். ஒரு விமானத்துக்குச் சில நூறு லிட்டரிலிருந்து, கடும் பனியில் சில ஆயிரம் லிட்டர் வரை போகும். அதில் பெரும்பகுதி தரையில் வழிந்து, முன்பெல்லாம் நேராக ஓடைக்குப் போனது. எத்திலீன் கிளைக்கால் விஷம் என்பதால் அமெரிக்காவும் ஐரோப்பாவும் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்காலுக்கு மாறின. கனடா பழையதிலேயே பெரிதும் நிற்கிறது. புரோப்பிலீன் கிளைக்காலை உடல் லாக்டிக் அமிலமாக்கிச் செரித்துவிடும், உணவிலும் மருந்திலும் சேர்க்க அனுமதியுண்டு. பதிலாளுக்கு ஒரு பதிலாள். ஆனால் ஓடைக்குக் கணக்கு வேறு. நுண்ணுயிரிகள் ஒரு கிலோ எத்திலீன் கிளைக்காலை முழுக்கத் தின்று தீர்க்க 1.29 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அதே ஒரு கிலோ புரோப்பிலீன் கிளைக்காலுக்கு 1.68 கிலோ. ஆக்சிஜன் அதிகபட்சம் கரைந்திருக்கும் 0 டிகிரித் தண்ணீரிலும் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம்தான் இருக்கும். கணக்குப் போட்டால், முதலாவதில் ஒரு கிலோ சுமார் 88,000 லிட்டர் தண்ணீரின் ஆக்சிஜனை வழித்தெடுக்கும். பாதுகாப்பானது என்று பெயர் வாங்கிய இரண்டாவது, 1,15,000 லிட்டரை.

இயற்கையிலேயே சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் மக்கிப்போகிற பொருளை மாசு என்று சொல்லலாமா என்று தொழில்தரப்பு கேட்கும். மக்குவது உண்மை. அதன் தகவல் ஏட்டில் எளிதில் மக்கும் என்ற வரியும் பொய்யில்லை. ஆனால் மீனுக்கு ஆபத்து அந்த வேகத்தில்தான் இருக்கிறது: மெதுவாக மக்கினால் ஓடை மூச்சுவிட நேரம் கிடைக்கும், வேகமாக மக்கினால் மூச்சு முட்டும். பிடித்து வைத்தால் இதே வேகம் வரமாகிவிடும். கனடாவின் எட்மன்டன் விமான நிலையத்தில் நாணல் வளர்த்த செயற்கைச் சதுப்பில் இந்தக் கழிவை விட்டு நுண்ணுயிரிகளுக்கே தீனியாக்குகிறார்கள். மியூனிக்கிலும் டென்வரிலும் வடித்தெடுத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். மிச்சம் நிற்பது துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கிற டிரையசோல் வகைகள். அளவில் சொற்பம், ஆனால் மக்க மறுக்கும், மீனுக்கு நஞ்சு. நம் பட்டறைகளில் சாக்கடையில் வடியும் பழைய கூலன்டில் இவற்றோடு ரேடியேட்டர் பற்றவைப்பின் ஈயமும் செம்பும் கரைந்து போகக்கூடும். இதைப் பற்றி இங்கே பேச்சே எழுவதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் கணக்கு தப்பிவிடும். இன்று உலகில் காய்ச்சுகிற எத்திலீன் கிளைக்காலில் உறைதடுப்பிக்குப் போவது சிறு பங்குதான். பெரும் பங்கு துணியாகவும் புட்டியாகவும் ஆகிறது. 1941இல் இங்கிலாந்தில் காலிகோ பிரின்டர்ஸ் சங்கத்தின் ஆய்வகத்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கிளைக்காலையும் டெரிஃப்தாலிக் அமிலத்தையும் கை கோக்க வைத்து நூலாக இழுத்தார்கள். நம் ஊரில் டெரிலினும் டெரிகாட்டனுமாக வந்து, இஸ்திரி போடாமலே மடிப்புக் கலையாத சட்டையாக நின்றது அதுதான். ஒரு கிலோ பாலியெஸ்டரில் சுமார் 320 கிராம் கிளைக்கால் போகிறது. கசங்காமை, சீக்கிரம் காய்வது, விலை ஆகியவற்றைக் கேட்டார்கள், கிடைத்தன. மக்குமா என்று கேட்கவில்லை. ஓடையில் சில வாரங்களுக்குள் நுண்ணுயிரி தின்றுவிடும் அதே மூலக்கூறு, இரண்டு கைகளும் இரண்டு பக்கமும் பூட்டப்பட்டதும் பல பத்தாண்டுகள் யாருக்கும் இரையாகாமல் கிடக்கிறது. ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத இழையாக உதிர்கிறது. தண்ணீரை உறையவிடாமல் பிடித்ததும் அந்த இரண்டு கைகள்தான், சங்கிலியாகக் கோத்ததும் அவைதான். ஆலைப் பக்கம் போனால் இன்னொரு கணக்கு இருக்கிறது: எத்திலீனை வெள்ளி வினையூக்கியின் மேல் ஆக்சைடாக்கும்போது ஒரு பகுதி வீணே எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது, நடுவே பிறக்கும் எத்திலீன் ஆக்சைடு புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் முகமை 1994இலேயே முதல் வகுப்பில் வைத்தது.

இப்போது பெட்ரோலியத்துக்கும் ஒரு பதிலாள் வந்திருக்கிறது. உத்தராகண்டின் காசிப்பூரில் இந்தியா கிளைக்கால்ஸ் கரும்பாலை மொலாசஸிலிருந்து சாராயம் வடித்து, சாராயத்தை எத்திலீனாக்கி, அதிலிருந்து கிளைக்கால் செய்கிறது. தாவரத்திலிருந்து செய்த கிளைக்காலை வைத்துத்தான் கோக்க-கோலா 2009இல் தாவரப் புட்டி என்று ஒன்றை, 30 விழுக்காடு வரை தாவரமூலம் என்று சொல்லி, இறக்கியது. அந்த 30, புட்டியின் எடையில் கிளைக்காலின் பங்கேதான். பூமிக்கடியிலிருந்து எடுக்கும் கரிமம் அந்த அளவுக்குக் குறைகிறது, அது நிஜ ஆதாயம். மற்றபடி கரும்பில் பிறந்த கிளைக்காலையும் ஈரல் நொதி அதே ஆக்ஸாலிக் அமிலமாகத்தான் உடைக்கும். அந்த ஆலையிலும் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தம்பி பிறப்பான். ஓடையில் விழுந்தால் அதுவும் கிலோவுக்கு அதே 1.29 கிலோ ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும்.